கேட் போட்டதும் ரெக்கார்டு: வட சென்னையில் பரிசோதனை வீடியோ எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொருக்குப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களிடம் ரயில்வே கேட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கேட் போட்ட முதல் நிமிடம் ஒரே ஹாரன், எரிச்சல், குனிந்து நுழைந்துவிடப் பார்க்கும் இரண்டு சைக்கிள். அப்புறம் மெல்ல அடங்கும். வண்டியை ஆஃப் பண்ணுவார்கள், இடுப்பில் இருக்கும் குழந்தையை ஒரு அக்கா அடுத்த இடுப்புக்கு மாற்றுவார், தண்ணி கேன் ஏற்றி வந்த பையன் கேன் மேலேயே சாய்ந்து கண்ணை மூடுவான். சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போய் முடிந்த பிறகும் கேட் திறக்காமல் கிடக்கிற ஒரு இடைவெளி இருக்கிறதே, அந்த இடைவெளிக்காகத்தான் என் முதல் படம். கேட் இறங்கும்போது ரெக்கார்டு அழுத்தினேன், ஏறும்போது நிறுத்தினேன். பதினோரு நிமிடம். நடுவில் ஒரு வெட்டும் கிடையாது.

சென்னையில் ஷார்ட் ஃபிலிம் என்று சொன்னால் எல்லோருக்கும் மனதில் வருவது ஒரு கதை, கடைசியில் ஒரு திருப்பம், தயாரிப்பாளரிடம் காட்டி வாய்ப்பு கேட்க ஒரு லிங்க். அதில் தப்பில்லை, ஆனால் இந்த வழிகாட்டி அதற்கானது இல்லை. ஓவியர் வண்ணத்தை எடுத்துக்கொள்வதுபோல நேரத்தையும் ஒலியையும் எடுத்துக்கொண்டு செய்யும் பரிசோதனைப் படங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். கலைக்கூடத்தில் சுவரில் ஓடலாம், தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டலாம், இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம்.

இதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1895-ல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் சுமார் 50 விநாடிதான், காரணம் அவர்களுடைய ஃபிலிம் சுருள் 17 மீட்டர். சுருள் முடிந்தால் படம் முடிந்தது. 1943-ல் மாயா டெரன் தன் கணவரோடு சேர்ந்து சொந்த வீட்டிலேயே ஒரு 14 நிமிடப் படத்தை எடுத்தார். சாவி, கத்தி, மாடிப்படி என்று வீட்டில் இருந்ததை வைத்தே. 1964-ல் ஆண்டி வார்ஹோல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஆறரை மணி நேரம் அசையாமல் எடுத்து, மெதுவாக ஓட்டி எட்டு மணி நேரப் படமாக்கினார். நம் நாட்டிலும் அப்போதே நடந்தது: 1969-ல் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்ஸீ ஒரு பட்டறை தொடங்கி, கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே அசையும் ஒரு படத்தைச் செய்தார். அங்கே இளம் வயதில் கேமராவைத் தொட்ட நளினி மலானி பின்னாளில் இந்திய வீடியோக் கலையின் பெரிய பெயரானார்.

துறைமுகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது கேம்ப் என்ற மும்பைக் குழு 2013-ல் முடித்த படத்தை. கட்ச் பகுதியிலிருந்து வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் சரக்குக் கப்பலில் போகும் மாலுமிகள் தங்கள் போனில் எடுத்த வீடியோக்களால் ஆன முழுநீளப் படம் அது. கடலும் மாலுமிகளின் வாழ்க்கையும் அவர்கள் கைபோன போக்கில் பதிவான தரத்திலேயே இருக்கிறது, அவர்களே சேர்த்த பாட்டோடு. காசிமேட்டில் அதே மாதிரி எத்தனை போன்களில் எத்தனை வீடியோ கிடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஒரு விதியை எழுதுங்கள்

என்னிடம் வரும் தம்பிகள் பெரும்பாலும் "வட சென்னையைப் பற்றி ஒரு படம் எடுக்கணும் அண்ணா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படி ஆரம்பித்தால் கேமரா தானாகவே போய் நிற்கும் இடங்கள் கேரம் போர்டு, குத்துச்சண்டை, குறுகிய சந்து, கத்தி. பெரிய சினிமா நமக்காக ஏற்கெனவே எடுத்து வைத்த ஷாட்டுகள் அவை, நம் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைக் கழற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, கருவை விட்டுவிட்டு விதியைப் பிடிப்பது. ஒரு நோட்டில், ஒரே வாக்கியத்தில், இன்னொருவர் படித்தால் அப்படியே செய்துவிடக்கூடிய மாதிரி எழுத வேண்டும். எப்போது ஆரம்பிக்கும், எப்போது முடியும், கேமரா எங்கே இருக்கும் என்ற மூன்றையும் அந்த வாக்கியம் தீர்மானித்துவிட வேண்டும்.

கேட் இறங்கி ஏறும் நேரம் அப்படி ஒரு விதி. இன்னொன்று சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். வலை பின்னுவார்கள், இன்ஜின் இறக்குவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். ஒரே படகு, ஒரே இடத்தில் முக்காலி (ட்ரைபாட்), தினம் ஒரு ஷாட், ஒரு ஷாட் 20 விநாடி. 61 ஷாட்டையும் வரிசையாக ஒட்டினால் 20 நிமிடம் 20 விநாடி. அந்தப் படகின் நிறம் மாறும், பெயர் அழிந்து மறுபடி எழுதப்படும், கடைசி நாள் அந்த இடம் காலியாக இருக்கும். இதில் நீங்கள் கதை எழுதவே இல்லை, தடைக்காலமே எழுதிக் கொடுத்துவிட்டது. (தினமும் போக வேண்டும் என்பதுதான் இதன் விலை. காய்ச்சல் வந்தால் அந்த நாளுக்கு 20 விநாடி கறுப்பு வையுங்கள், அதுவும் விதிக்கு உண்மையானதுதான்.)

உயரத்தை வைத்தும் விதி செய்யலாம். மீன் ஏலத்தில் நின்றபடி எடுத்தால் எல்லோரும் எடுக்கும் படம்தான் வரும். உட்கார்ந்து விற்கும் அம்மாவின் கண் உயரத்துக்கு கேமராவை இறக்கி, அங்கிருந்து ஒரு அங்குலம்கூட ஏற்றாமல் ஒரு காலை முழுக்க எடுங்கள். கால்கள், கூடைகள், குனியும் முகங்கள், மேலிருந்து வரும் பேரம். அவர் தினமும் பார்க்கும் உலகம் அதுதான்.

கேமராவே இல்லாமலும் முடியும். வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளில் பீரோ மேல் இன்னும் கல்யாண கேசட் கிடக்கிறது. 90களில் இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம் வரும், ரோஜாப்பூ விரிந்து பொண்ணு முகம் வரும், அந்த மிக்ஸிங்கெல்லாம் இன்று யாராலும் திரும்பச் செய்ய முடியாத கைவேலை. ஐந்து வீட்டு கேசட்டில் கேமராவைப் பார்க்காமல் நிற்பவர்களை மட்டும் எடுத்துச் சேர்த்தால் அது ஒரு படம். ஒரே எச்சரிக்கை: நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும், அதோடு பிளேயரில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் போகும், கேசட்டும் போகும். கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள், பூஞ்சை இருந்தால் முதலில் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

படி 2: மூன்று முறை சும்மா போங்கள்

போன் பையிலேயே இருக்கட்டும். நோட்டு மட்டும். எந்த மணிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெயில், எந்த மணிக்கு என்ன சத்தம். நமக்குக் கடல் கிழக்கே; காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் படகெல்லாம் கறுப்பு உருவம், பிற்பகலில் வெளிச்சம் ஊர்ப்பக்கத்திலிருந்து விழுந்து பலகையின் ஒவ்வொரு கீறலும் தெரியும். எது வேண்டும் என்று முன்பே முடிவெடுங்கள். கோடையில் மதியத்தை ஒட்டி கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் மைக்கில் வேறு எதுவும் கேட்காது, ஆகவே ஒலி வேலையெல்லாம் காலையில்.

எண்ணூர்ப் பக்கம் போனால் இன்னும் நிதானம் வேண்டும். கொசஸ்தலையாற்றின் கழிமுகம், சாம்பல் படிந்த கரை, 2017-ல் மூடப்பட்ட பழைய அனல்மின் நிலையம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து கழிமுகம் முழுக்கப் படிந்த எண்ணெய். கண்ணுக்கு முன்னால் இவ்வளவு இருக்கும்போது புகைபோக்கியை அழகாக ஃபிரேம் வைப்பது ரொம்ப சுலபம், அதனாலேயே அதை நான் நம்புவதில்லை. தண்ணீரில் இறங்கி கையால் இறால் தடவுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு காலை நின்ற பிறகு ஃபிரேம் தானாக மாறும்.

படி 3: மனிதர்களும் அனுமதியும்

தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம், அதைவிட முக்கியம் உயிர். ரோட்டில், கேட்டுக்கு வெளியே, மக்களோடு மக்களாக நில்லுங்கள். படம் அங்கேதான் இருக்கிறது. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவிலேயே பழசு, பார்த்தால் எடுக்கத்தான் தோன்றும், ஆனால் நிலைய வளாகத்துக்குள் முக்காலி போட முறையான அனுமதி வேண்டும். துறைமுக வாசல், மின் நிலையச் சுவர் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். ஒருமுறை ஒரு வாசலில் காவலுக்கு இருந்தவர் என் போனை வாங்கி, நான் அன்று காலை வேறொரு இடத்தில் எடுத்ததையும் சேர்த்து அழிக்கச் சொன்னார். மூன்று வாரக் காத்திருப்பு போயிற்று. அன்றிலிருந்து இடம் மாறும் முன்பே எடுத்ததை வேறு கார்டுக்கு மாற்றிவிடுகிறேன். ட்ரோனுக்கு இந்தப் பகுதியில் கட்டுப்பாடு அதிகம். தவிர, இங்கே வாழும் யாரும் தினமும் பார்க்காத கோணம் அது.

மனிதர்கள் விஷயத்துக்கு எந்தக் குறுக்குவழியும் கிடையாது. காசிமேட்டில் முதல் நாள் ஒரு அம்மா கேட்டார்: "இன்னாத்துக்குப்பா இத்த எடுக்குற, யூடியூபா?" இல்லைம்மா, சும்மா நீங்க ஐஸ் உடைக்கிறதைப் பத்து நிமிஷம் அப்படியே பார்க்கிற மாதிரி ஒரு படம் என்றேன். "அத்த யார் பாப்பா?" என்றார். நீங்க பாருங்க, அப்புறம் சொல்லுங்க என்று அடுத்த வாரம் போனிலேயே போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, தன் தோள் ஏன் வலிக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் எடுத்தது என்ன என்று எனக்கே புரிந்தது.

கேளுங்கள், பெயரும் வேலையும் சொல்லுங்கள், எங்கே காட்டப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள். சாவு வீட்டில் கானா பாடும்போது எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் அந்த வீட்டுக்காரர் சொல்லாமல் கேமரா எடுக்காதீர்கள். குழந்தைகள் முகம் என்றால் அம்மா அப்பா சம்மதம்.

படி 4: போன் செட்டிங்

போன் போதும். ஆனால் அதை ஆட்டோவில் விடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல டியூப்லைட்டும் எல்இடியும் விநாடிக்கு 100 முறை மின்னும். போன்கள் வழக்கமாக விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுப்பதால் ராத்திரி மார்க்கெட்டில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் 50-ல் ஒன்று அல்லது 100-ல் ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் அது போய்விடும். போனின் சொந்த ஆப்பில் இது இல்லையென்றால் ஓபன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா இரண்டும் இலவசம்.

ஃபோகஸ், எக்ஸ்போஷர், வண்ணச் சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். நீண்ட ஷாட்டில் மேகம் கடக்கும்போது வெளிச்சம் குறைவதை போன் தானாகச் சரிசெய்துவிட்டால், படத்தில் நடந்த ஒரே நிகழ்ச்சியை அது அழித்துவிட்டது என்று அர்த்தம். ஜூம் செய்யாதீர்கள், நடந்து போங்கள். ஏர்பிளேன் மோடு போடுங்கள். ஒன்பதாவது நிமிடத்தில் யாரோ லோன் வேண்டுமா என்று கேட்டுப் போன் பண்ணுவார்கள். 4கே என்றால் நிமிடத்துக்கு 170 முதல் 400 எம்பி வரை போகும், இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றும் எண்ணூர்ச் சாம்பலும் லென்ஸில் படியும், அதைச் சட்டை முனையால் துடைத்தால் கீறல் விழும். முதலில் காற்று ஊதும் ரப்பர் பல்பு, பிறகுதான் துணி.

படி 5: ஒலி

இங்கேதான் பாதிப் படம் இருக்கிறது, பலர் இங்கேதான் பாட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வட சென்னையில் ரயில், லாரி, மசூதி, சர்ச், கோயில், ஏலக்குரல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும், அந்த அடுக்குகளை எந்த இசையமைப்பாளராலும் செய்து தர முடியாது.

இன்னொரு போனை ரெக்கார்டராக வையுங்கள், வேவ் ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸில். மிக உரத்த சத்தம்கூட மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத அளவுக்குக் குறைத்து வையுங்கள். உடைந்த ஒலியைத் திரும்ப ஒட்ட முடியாது. மைக்குக்கு ஸ்பாஞ்சு மேல் ரோமத் துணி. கிளம்பும் முன் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள், எடிட்டில் அது சோறு போடும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் பீசோ டிஸ்க் கேளுங்கள். பஸ்ஸரில் வரும் பித்தளை வட்டம், மிக மலிவு. அதில் ஒரு ஒயரைப் பற்றவைத்து ரெக்கார்டரின் மைக் ஜாக்கோடு இணைத்தால், காற்றில் வரும் ஒலியை விட்டுவிட்டு இரும்பின் உள்ளே ஓடும் ஒலியைக் கேட்கலாம். படகின் உடலில் ஒட்டினேன், நங்கூரக் கயிறு இழுபடும்போது மாடு முனகுவதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு தனிப் படம் செய்தேன், ஆறு நிமிடம், திரையில் கயிறு மட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. எந்த டீக்கடைக்குப் போனாலும் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடும். தெருவில் காட்டும்போது யாரும் கேட்க மாட்டார்கள், விழாவுக்கு அனுப்பும்போது உரிமை கேட்பார்கள். பாட்டு இல்லாத நேரத்தில் இன்னொரு ஒலிப்பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எடிட்

போன் வீடியோவில் ஃபிரேம் எண்ணிக்கை நிலையாக இருக்காது, நீண்ட ஷாட்டில் ஒலி மெல்ல மெல்ல விலகிவிடும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றுங்கள். அப்புறம் எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு. கம்ப்யூட்டர் தாங்கவில்லை என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். ஒலியைச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி.

வெட்டுவதில் நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. "இங்கே போர் அடிக்குது" என்று தோன்றும் இடத்தில் குறி வைத்துவிட்டு, வெட்டாமல் மேலும் முப்பது விநாடி பாருங்கள். பல நேரம் அந்த முப்பது விநாடியில்தான் கண் வேறு எதையோ பிடிக்க ஆரம்பிக்கும். அப்படியும் எதுவும் நடக்கவில்லையென்றால் வெட்டுங்கள். நீளமாக இருப்பதாலேயே ஒரு படம் கலையாகிவிடாது, என் பழைய படங்களில் மூன்று இன்று பார்க்கும்போது அதிக நீளம்தான்.

பேச்சு இருந்தால் சப்டைட்டில் போடும்போது மெட்ராஸ் தமிழைத் திருத்தாதீர்கள். "இன்னா" என்று சொன்னவருக்கு "என்ன" என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

எடுத்தது தொலைந்தாலும் படம் தொலைவதில்லை. ஆவணப்பட இயக்குநர் ஆர்.வி. ரமணியின் கேமரா 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் அழிந்தது. அந்தக் கேமராவையும் கிடைக்காமல் போன காட்சிகளையும் பற்றியே அவர் 2011-ல் ஒரு படம் முடித்தார். ஃபைல் கெட்டுப்போய் அழுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

படி 7: காட்டுவது

முதல் திரையிடல், எடுத்த இடத்தில். இதில் மட்டும் நான் பிடிவாதம். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் திரை வேண்டாம், இல்லையென்றால் வெள்ளை வேட்டியை நனைத்து இறுக்கிக் கட்டினால் சுருக்கம் போகும். நன்றாக இருட்டிய பிறகு, எட்டு பத்து அடி அகலத்துக்கு 3000 லூமென் புரொஜெக்டர் போதும், தெருவிளக்கு நேராக விழாத சுவராகத் தேர்ந்தெடுங்கள். தெரு நிகழ்ச்சிக்கு சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவரும் பெரிய பாக்ஸ் இந்தப் படங்களுக்கு வேண்டாம். சின்ன ஸ்பீக்கர் இரண்டு, ஆட்களின் காது உயரத்தில். நற்பணி மன்றத்துப் பசங்களிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள்.

அரங்குக்குள் தொடர்ந்து ஓட வைப்பது என்றால் பழைய டிவியும் பென்டிரைவும் போதும். ஃபைல் எம்பி4, எச்.264 வடிவத்தில் இருக்கட்டும்; பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. திரும்ப ஆரம்பிக்கும்போது பல டிவி ஒரு நொடி கறுப்பாகும். படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நீங்களே கறுப்பு வைத்துவிட்டால் அது தெரியாது. இரண்டு டிவி வைத்தால் ஒத்திசைக்கக் கஷ்டப்பட வேண்டாம். ஒன்றில் 7 நிமிடம், இன்னொன்றில் 11 நிமிடம் வையுங்கள், ஒரே ஜோடி 77 நிமிடத்துக்கு ஒருமுறைதான் திரும்ப வரும், நடுவில் வருபவர் ஒவ்வொருவரும் வேறொரு படம் பார்ப்பார்.

படி 8: அனுப்புவதும் பாதுகாப்பதும்

எழும்பூர் பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களோடு பேசுங்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, நுங்கம்பாக்கம் கெதே இன்ஸ்டிடியூட் நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலேவையும் கவனியுங்கள். பெங்களூரில் எக்ஸ்பெரிமென்டா என்ற பரிசோதனைப் பட விழா, கேரளத்தில் ஆவணப் பட, குறும்பட விழா, ஜெர்மனியில் 1954 முதல் ஓபர்ஹவுசன் குறும்பட விழா. பல விழாக்களுக்கு ஃபிலிம்ஃப்ரீவே என்ற இணையதளம் வழியாக அனுப்பலாம், நுழைவுக் கட்டணத்தைப் பார்த்து அனுப்புங்கள். சில விழாக்கள் ஏற்கெனவே யூடியூபில் போட்ட படத்தை எடுக்காது, அதனால் முதலில் பாஸ்வேர்டு போட்ட லிங்க். விண்ணப்பத்தில் கனமான தத்துவம் தேவையில்லை. உங்கள் நோட்டில் இருக்கும் அந்த ஒரு வாக்கிய விதியை எழுதுங்கள், நீளத்தையும் இடத்தையும் சொல்லுங்கள்.

மூலக் காட்சி, எடிட் ஃபைல், முடித்த படம் மூன்றும் இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. தொண்டையார்பேட்டையில் முட்டிவரை தண்ணீர் நின்ற வருடங்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்று மாடி வீட்டுச் சொந்தக்காரரிடம் போகட்டும். ஃபைல் பெயரில் தேதி, இடம், ஷாட் எண்.

படத்தில் இருப்பவர்களுக்குப் பிரதி கொடுக்க வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், நசுங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். போன் இல்லாதவருக்கு நேரில் போய்க் காட்டுங்கள். ஐஸ் உடைக்கும் அம்மாவுக்கு நான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன், பேரன் டிவியில் போட்டானாம். அடுத்த முறை போனபோது, பக்கத்தில் கருவாடு விற்பவரையும் எடுக்கச் சொல்லி, உட்கார எனக்கு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார்.